263 கோடி சொற்கள், சரி. பொருள்?

2022 ஜூன் 1 முதல் 12 வரை தமிழ்நாட்டின் இல்லம் தேடிக் கல்வி மையங்களில் ஒரு வாசிப்பு மாரத்தான் நடந்தது. கூகுளின் 'ரீட் அலாங்' செயலியில் பிள்ளைகள் சத்தமாக வாசிப்பார்கள், செயலி சொற்களை எண்ணும். 18 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள், 263 கோடி சொற்கள் என்று அறிவித்தார்கள். பெரிய எண்தான். ஆனால் எண்ணினது எதை?

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 2019-ல் வந்த கல்வித் தொலைக்காட்சி ஒருவழிப் பாதை: அது பேசும், பிள்ளை கேட்கும். இந்தச் செயலி பிள்ளையைப் பேச வைக்கிறது. கதையை இறக்கி வைத்துவிட்டால் நெட் வேண்டாம். ஆண்டிமடம், வேப்பூர் பக்கம் அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் போன் பிள்ளை கைக்கு வரும் என்கிற வீட்டில் இது சின்ன வசதி இல்லை. தப்பாக வாசித்தாலும் செயலி சிரிக்காது. கூச்சப்படும் பிள்ளைக்கு அதுவே பாதி தைரியம்.

சிக்கல் ஆங்கிலத்தில்தான். தமிழ்க் கதையில் 'ஆடு ஓடியது' என்று எழுத்துக்கூட்டி முடிக்கும்போதே பொருள் வந்துவிடும், ஏனென்றால் மொழி ஏற்கெனவே காதில் இருக்கிறது. 'தி கோட் ரேன் பிஹைண்ட் தி ஷெட்' அப்படியில்லை. ஆறு சொல்லையும் சரியாக உச்சரித்துவிட்டு, ஆடு எங்கே போனது என்று தெரியாமல் இருக்க முடியும். செயலி ஸ்டார் கொடுத்துவிடும்.

கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986-ல் இதை ஒரு பெருக்கல் கணக்காகவே சொன்னார்கள்: வாசிப்பு என்பது எழுத்தைக் கூட்டுவதும் மொழியைப் புரிந்துகொள்வதும் பெருக்கினால் வருவது. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூஜ்யம் என்றால் விடையும் பூஜ்யம்.

உச்சரிப்பிலும் ஒரு ஓட்டை உண்டு. தமிழில் 'பிக்' என்று எழுதினால் அது பன்றியா, பெரியதா? நம் எழுத்தில் இரண்டும் ஒன்று. குரலைக் கண்டறியும் மென்பொருளை ரொம்பக் கறாராக வைத்தால் பிள்ளை நாலு முறை முயன்று போனைக் கீழே வைத்துவிடும். தளர்த்தினால் இரண்டும் 'சரி' ஆகிவிடும். எந்த எஞ்சினியர் செய்தாலும் இந்த இழுபறி இருக்கும், அதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த 'சரி'யை ஆங்கிலம் கற்றதற்கு அளவுகோலாக எடுப்பதுதான் குறை.

இத்தனைக்கும் பொருள் தெரிந்த ஆங்கிலம் இந்தப் பிள்ளைகளிடம் நிறையவே இருக்கிறது. அரியலூரில் சிமெண்ட், லாரி, லோடு, பில். பெரம்பலூரில் மக்காச்சோளம் போடும் வீட்டில் மோட்டார், கரண்ட், ஸ்ப்ரேயர். இதெல்லாம் ஆங்கிலம் என்றே அவர்கள் நினைப்பதில்லை. இந்தச் சொற்களை ஆங்கில எழுத்தில் திரையில் காட்டினால் பெருக்கலின் ஒரு பக்கம் ஏற்கெனவே நிரம்பியிருக்கும், எழுத்தைக் கூட்டுவது மட்டும் மிச்சம். அதிலிருந்து 'லாரி எங்கே நிற்கிறது?' என்று ஒரு வாக்கியத்துக்குப் போவது அவ்வளவு தூரமில்லை. எல்லா ஊருக்கும் ஒரே கதை என்று அனுப்பும் தளங்கள் இந்தக் கையிருப்பைத் தொடுவதே இல்லை.

செயலியை மாற்றும்வரை காத்திருக்கவும் வேண்டாம். மாலை வகுப்பில் பக்கத்தில் ஒரு தன்னார்வலர் இருந்தால் போதும். கதை முடிந்ததும் போனை வாங்கி வைத்துவிட்டு, "ஆடு எங்கடா போச்சு?" என்று தமிழில் ஒரு கேள்வி. பிறகு அதே பதிலை ஆங்கிலத்தில் ஒரு வரி, தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை. இரண்டு நிமிஷ வேலை. அடுத்த மாரத்தானில் சொற்களோடு, பதில் சொன்ன பிள்ளைகளையும் எண்ணட்டும். எண் சின்னதாகத்தான் வரும். ஆனால் யாருக்கு உதவி வேண்டும் என்று அதில்தான் தெரியும்.