பசியும் மொழியும்

தாய்மொழியைக் கைவிட்ட மக்களைப் பழிப்பது எளிது. எந்தச் சூழல் அவர்களை அந்நிலைக்குத் தள்ளியது எனக் கேட்போர் சிலரே. அக்கேள்வியை நம்முன் வைக்கும் நாடகம் பிரையன் ஃபிரீலின் ‘மொழிபெயர்ப்புகள்’. 1980ஆம் ஆண்டு வட அயர்லாந்தின் டெரி நகரில் முதன்முதலாக மேடையேறியது. ஆசிரியர் (1929-2015) சிலகாலம் குருமடத்தில் பயின்றவர். பத்தாண்டுகள் பள்ளியில் கற்பித்தவர்.

கதை 1833இல் டோனகல் பகுதிச் சிற்றூர் ஒன்றில் நிகழ்கிறது. கத்தோலிக்கருக்குக் கல்வியை மறுத்த தண்டனைச் சட்டங்களின் காலத்தில், வேலியோரங்களிலும் கொட்டில்களிலும் மறைவாகத் தோன்றியவை ‘வேலியோரப் பள்ளிகள்’. அத்தகைய பள்ளி ஒன்றே களம். ஏழை உழவர்கள் அங்கே ஐரிஷ் மொழிவழி இலத்தீனும் கிரேக்கமும் கற்கின்றனர், ஆங்கிலம் அறியார். 1831இல் தோன்றிய அரசின் தேசியப் பள்ளித் திட்டமோ ஆங்கிலத்தில் கற்பிப்பது. இதற்கிடையே வரும் ஆங்கிலேய நில அளவைப் படையினர் ஊர்ப்பெயர்களை ஆங்கிலமாக்குகின்றனர். அவர்களுக்கு மொழிபெயர்ப்பவன் பள்ளி ஆசிரியர் ஹியூவின் மகன் ஓவன். அவனையே அவர்கள் ‘ரோலண்ட்’ என்று தவறாக அழைக்கிறார்கள்; நெடுநேரம் அவன் திருத்துவதில்லை.

நம் உள்ளத்தைத் தைப்பவள் மாய்ரே என்னும் இளம்பெண். தனக்கு ஆங்கிலமே வேண்டும் என்கிறாள். அவள் தாய்மொழியை வெறுப்பவள் அல்லள். இளையோர் நிறைந்த ஏழை வீடு அவளுடையது. பிழைக்க அமெரிக்கா போகவேண்டும். அங்கே கிரேக்கம் சோறு போடாது.

பேச்சுத் தடையுள்ள சாரா முதற்காட்சியில் தன் பெயரைச் சொல்லக் கற்கிறாள். இறுதியில் படைத்தலைவனின் அதட்டலுக்கு முன் வாயடைத்துப் போகிறாள். அச்சம் நிறைந்த சூழலில் கற்ற மொழியும் நாவை விட்டு நீங்கும் என்பதற்கு இதனினும் கூரிய காட்சி வேண்டியதில்லை.

குறையும் உண்டு. அதிகாரி ஒருவன் காணாமற்போனதற்காகக் கால்நடைகளைக் கொல்வதாகவும், குடிகளை வெளியேற்றுவதாகவும் அளவைப் படை மிரட்டுகிறது. இது வரலாற்றுக்குப் பொருந்தாது என்று அறிஞர் சுட்டியுள்ளனர். ஊர்ப்பெயர் திரட்டும் பணியில் ஜான் ஓ'டோனவன் என்ற ஐரிஷ் புலவரே பெரும்பங்கு ஆற்றினார். கத்தோலிக்கர் உரிமைக்குப் போராடிய டேனியல் ஓ'கானல், தாம் ஐரிஷ் பேசி வளர்ந்தவராயினும், ஆங்கிலத்தின் பயனையே வலியுறுத்தினார். மாய்ரே சான்று காட்டுவதும் அவரைத்தான். பிள்ளைகள் பிழைக்கட்டும் என்று ஐரிஷ் மொழியை விலக்கிய பெற்றோரும் பலர். 1845இல் தொடங்கிய பெரும்பஞ்சம் அம்மொழி பேசிய ஏழைகளையே மிகுதியாக வாரிச் சென்றது. அன்பும் பசியும் சேர்ந்து ஒரு மொழியை வீட்டைவிட்டு அனுப்பிய இக்கசப்பான உண்மையை நாடகத்தின் முற்பகுதி தொடுகிறது. பிற்பகுதியின் படைமிரட்டல் அதை மறைத்துவிடுகிறது.

எனினும் முடிவு நம்மை விடுவதில்லை. முதிய ஹியூ மாய்ரேக்கு ஆங்கிலம் கற்பிக்க இசைகிறார். சொற்களையும் இலக்கணத்தையும் தர இயலும். அவை உள்ளத்தை உள்ளத்தோடு இணைக்குமா என்பதற்கு அவர் உறுதி தரவில்லை. அந்த நேர்மைக்காகவே இந்நாடகம் படிக்கத்தக்கது. வேற்றுமொழி நாடிச் செல்வோரைப் பழிக்குமுன், அவர்கள் வீட்டில் அடுப்பெரிகிறதா என்று ஒருகணம் எட்டிப் பார்ப்போமா?