மாதிரி விடையும் மலையக மாணவர் மொழியும்

இலக்கியக் கல்வி பற்றிய எமது விவாதங்கள் பெரும்பாலும் பாடத்திட்டத்தோடும் பரீட்சையோடும் நின்றுவிடுகின்றன. பாடசாலை விட்டபின், கட்டுரைத் தலைப்போடும் செய்யுள் வினாவோடும் வீட்டிலிருக்கும் மாணவருக்கு எவர், எவ்வாறு உதவுகின்றனர் என்பது ஆராயப்படுவதில்லை. நுவரெலியா, ஹற்றன் தோட்டப் பகுதிகளைப் பொறுத்தவரை இது அடிப்படையில் ஒரு வர்க்கப் பிரச்சினையாகும்.

நகரத்து மத்தியதர வர்க்கப் பிள்ளைக்குப் படித்த பெற்றோர் துணையுண்டு. லயத்துப் பிள்ளைக்கு அத்துணை அரிதாகியமைக்கு வரலாற்றுக் காரணங்கள் உள. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் கல்வியைத் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பாக்கியது. 1960-61இல் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் புறத்தே விடப்பட்டன. 1970களின் பிற்பகுதியிலிருந்தே அவை படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. தலைமுறைகளாக நேர்ந்த இவ்விழப்பின் வெற்றிடத்தையே மாலை வகுப்புகளும் மாதிரி விடைத் தொகுப்புகளும் நிரப்புகின்றன. எனவே அவற்றை வெறும் வணிகமென ஒதுக்குதல், வேறு வழியுடையோரின் தூய்மைவாதமே. பரீட்சையை விட்டால் இப்பிள்ளைகளுக்கு ஏறிச்செல்ல வேறு படியில்லை.

ஆயினும், கிடைக்கும் உதவியின் தன்மை யாது? 'என் தாயின் ஒரு நாள்' என்ற தலைப்பில் மாணவியொருத்தி, 'அம்மாவுக்கு அரைப்பேர் போட்டுட்டாங்க' என எழுதுவதாகக் கொள்வோம். மாதிரிக் கட்டுரையையே அளவுகோலாகக் கொண்டவர் அதனை, 'தாய்க்கு அரைநாட் சம்பளம் வழங்கப்பட்டது' எனத் திருத்துவார். பேச்சுவழக்கு நீங்கியது, அதனோடு உண்மையும் நீங்கியது. ஒருநாள் வேலைக்கான பதிவே 'பேர்'. முழுநாளும் மலையில் நின்று கொழுந்தெடுத்தும், நிர்ணயித்த நிறை சேராமையால் பாதியே பதியப்படுவது 'அரைப்பேர்'. திருத்திய வாக்கியத்தைப் படிப்பவர், அத்தாய் அரைநாள் மட்டுமே உழைத்ததாகக் கொள்வார். பேர் போட்டவர் செயப்பாட்டுவினைக்குள் மறைந்துவிட்டார். பறிக்கப்பட்ட கூலி, 'வழங்கப்பட்டது' என்ற சொல்லால் கொடையாகிவிட்டது.

இலக்கிய வினாக்களிலும் இதுவே நிகழ்கிறது. மலையக நாட்டார் பாடலொன்றுக்கு விளக்கம் எழுதும் தொழிலாளியின் மகள், குறிப்பைப் பின்பற்றி, 'அம்மக்களின் துயரம்' என்று எழுதுகிறாள். தன் தாயையும் தன்னையும் அவள் படர்க்கையில் வைத்துவிடுகிறாள்.

இதற்கு மறுதலையாக, எழுதியதை மண்வாசனை எனப் போற்றி அப்படியே விட்டுவிடுவதும் உதவியாகாது. வட்டார மொழியொன்றே அறிந்தவரின் உலகநோக்குக் குறுகிவிடும் என்பதைக் கிராம்சி வலியுறுத்தினார். பொதுத்தமிழை ஆளும் உரிமை லயத்துப் பிள்ளைக்கும் உரியது. இன்று பிறர் துணையோடு செய்வதை நாளை தனித்துச் செய்யப் பிள்ளை பழகுகிறது என்ற சோவியத் உளவியலாளர் வைகோட்ஸ்கியின் கருத்தே இங்கு எமக்கு அளவுகோலாகிறது. விடையைச் சொல்லிக்கொடுப்பவர் நாளையும் தேவைப்படுவார். வினாவைத் தொடுப்பவர் தம் தேவையைத் தாமே குறைத்துக்கொள்வார்.

அரைப்பேர் என்றால் என்ன? எவர் போட்டார்? ஏன் போட்டார்? இம்மூன்று வினாக்களையும் அம்மாணவியிடம் கேட்டிருப்பின், 'முழுநாளும் கொழுந்தெடுத்த அம்மாவுக்கு, நிறை குறைவென்று கூறிக் கணக்கப்பிள்ளை அரைப்பேரே போட்டார்' என அவளே எழுதியிருத்தல் கூடும். இது வழுவற்ற எழுத்துத்தமிழ். பரீட்சகரும் புள்ளி குறைக்க இடமில்லை. தொழிலாளரின் சொல் அதில் தன் பொருளோடு நிலைத்து நிற்கிறது.

சி. வி. வேலுப்பிள்ளை மலையக மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தபோது, அச்சொற்களுக்கு இலக்கியத் தகுதியுண்டு என்பதை நிலைநாட்டினார். அத்தகுதியை மாணவரின் கட்டுரைக் கொப்பியிலும் ஏற்பதே அடுத்த படியாகும். விடுமுறையில் தோட்டங்களுக்குச் சென்று வகுப்பு நடத்தும் பல்கலைக்கழக மாணவர், குறிப்புகளைப் பிரதிசெய்து பகிர்வதற்கு முன், அம்மூன்று வினாக்களிலிருந்து தம் பணியைத் தொடங்குவாராக.