ஐந்தில் இரண்டு

அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், 2/5 என்று எழுதும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. மேலே உள்ளதை மேலோடும் கீழே உள்ளதைக் கீழோடும் கூட்டிவிடுகிறார்கள். ஆசிரியர் கல்லூரியின் நுண்ணிலைக் கற்பித்தலில் இந்த விடை வராது; அங்கே பிள்ளைகளாக உட்கார்ந்திருப்பவர்கள் சக பி.எட். மாணவர்கள். பள்ளிக்கூடத்துக்குப் போனால்தான் அதைச் சந்திக்க முடியும்.

அதனால்தான் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகளை மனதார வரவேற்கிறேன். அவை பி.எட். படிப்பை இரண்டாண்டாக்கி, பள்ளிப் பயிற்சியை 20 வாரங்களாக நீட்டின. அதில் 16 வாரம் இரண்டாம் ஆண்டில். பழைய நாற்பது நாள் பயிற்சியில் பிள்ளைகளின் பெயர்கூட மனத்தில் நிற்காது. நான்கு மாதம் இருந்தால், தாம் நடத்திய பாடம் தேர்வுத்தாளில் என்னவாகத் திரும்பி வருகிறது என்று பார்த்துவிடலாம்.

ஆனால், பார்த்த பிறகு யாரிடம் பேசுவது? பல பள்ளிகளில் வழிகாட்டி ஆசிரியருக்கு அதற்கென ஒரு பாடவேளைகூட இல்லை. பாடக்குறிப்பில் கையெழுத்து, "நல்லா நடத்துனீங்க" என்ற ஒரு சொல், அவ்வளவுதான். ஆசிரியர் வராத வகுப்புக்கெல்லாம் பயிற்சி ஆசிரியர் அனுப்பப்படுகிறார். மாலையில் ரெக்கார்டு எழுதுகிறார், சார்ட் ஒட்டுகிறார். 2/5 சிவப்பு மையில் அடிபடுகிறது. அந்தப் பிள்ளை ஏன் அப்படி எண்ணியது என்று கேட்கவே ஆளில்லை.

டான் லார்ட்டி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1975-இலேயே இந்த ஆபத்தைச் சொன்னார். நாம் எல்லோரும் மாணவராக உட்கார்ந்து ஆண்டுக்கணக்கில் ஆசிரியரைப் பார்த்தவர்கள்; அவர் செய்வது தெரியும், ஏன் செய்கிறார் என்பது தெரியாது. பேச்சில்லாத பயிற்சி அந்த வேடிக்கை பார்த்தலையே இன்னும் 16 வாரம் நீட்டுகிறது. மாறாக, ஆக்ஸ்ஃபோர்டில் 1987-இல் தொடங்கிய ஆசிரியர் பயிற்சித் திட்டம் பள்ளியில் ஒரு பாட வழிகாட்டியையும் பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியரையும் ஒரே மாணவருக்குப் பொறுப்பாக்கியது. நம் விதிகளில் நாள்கணக்கு இருக்கும் அளவுக்கு இந்தப் பொறுப்பு அழுத்தமாக இல்லை.

இந்தப் பயிற்சியை ஆய்வு செய்பவர்களிடமும் எனக்கு மனக்குறை உண்டு. பயிற்சி முடியும் தறுவாயில் வினாத்தாள் கொடுத்துத் தன்னம்பிக்கையை அளப்பது எளிது. சொந்த வகுப்பு கைக்கு வராதபோது அந்த நம்பிக்கை எதையும் காட்டாது. அதே ஆசிரியர் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், அவர் வகுப்பின் கடைசி பெஞ்சில் ஆய்வாளர் உட்கார வேண்டும். கரும்பலகையில் ஒரு பிள்ளை 2/5 எழுதும். அடுத்த இரண்டு நிமிடம் ஆசிரியர் என்ன செய்கிறார் என்று குறித்துக்கொள்ள வேண்டும்.