கேமரா திரும்பிக்கொண்ட இடம்

1953 ஜூன் 2, லண்டனில் நல்ல மழை. வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்துக்குள் 27 வயதுப் பெண் ஒருவரின் நகைகளைக் கழற்றுகிறார்கள். தோளில் கிடந்த சிவப்பு மேலங்கி இறங்குகிறது. பொன்னிழையும் முத்துமாகத் தைத்த கவுன் மறையும்படி, மடிப்பு வைத்த வெறும் வெள்ளை உடை ஒன்றை மேலே மாட்டுகிறார்கள். ஏறக்குறைய 650 ஆண்டுப் பழைய மர நாற்காலியில் அவரை உட்கார வைக்கிறார்கள். நான்கு பிரபுக்கள் பொன்துணிப் பந்தலை அவர் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கிறார்கள். கான்டர்பரி பேராயர் ஜெஃப்ரி ஃபிஷர் கரண்டியில் புனித எண்ணெயை எடுக்கிறார். அந்த இடத்தில் பிபிசியின் கேமரா பார்வையை விலக்கிக்கொண்டது.

பிரிட்டனில் அன்று ராணியின் முடிசூட்டு விழாவைப் பார்க்க டிவி முன்னால் இருந்தவர்கள் சுமார் 2 கோடிப் பேர். சொந்த டிவி இல்லாதவர்கள் அக்கம்பக்கத்து வீடுகளில் திரண்டு உட்கார்ந்து பார்த்தார்கள். அத்தனை பேரில் ஒருவர்கூட அந்த எண்ணெய்த் துளியைப் பார்க்கவில்லை. 1952 அக்டோபரில் அபேக்குள் நடக்கும் சடங்கை நேரடியாக ஒளிபரப்பவே கூடாது என்றுதான் முதலில் அறிவித்தார்கள். பிரதமர் சர்ச்சிலும் அந்தப் பக்கம்தான் நின்றார். பத்திரிகைகளும் மக்களும் கொதித்தெழுந்தார்கள். டிசம்பருக்குள் முடிவு மாறியது. முகத்தை மிக நெருங்கிக் காட்டக் கூடாது, எண்ணெய் பூசுவதைக் காட்டவே கூடாது என்ற நிபந்தனைகளோடு கேமரா உள்ளே போனது. அரச குடும்பமும் டிவியும் மக்கள் கருத்தும் ஒரே முடிச்சில் வந்து விழுந்தது அப்போதுதான்.

‘தி கிரௌன்’ தொடரின் முதல் சீசன் ஐந்தாம் அத்தியாயத்தில் அதை எழுதிய பீட்டர் மார்கன் தன் கேமராவைக் கொண்டுபோய் வைத்தது சரியாக அந்த இடத்தில். 2016 முதல் 2023 வரை நெட்ஃபிளிக்ஸில் ஆறு சீசன், 60 அத்தியாயம் ஓடிய தொடர் அது. அத்தனையிலும் எனக்கு உயிரான அத்தியாயம் இதுதான். அதன் அமைப்பைக் கொஞ்சம் நின்று ரசிக்க வேண்டும்.

அத்தியாயம் 1937-ல் தொடங்குகிறது. ராணியின் தந்தை ஆறாம் ஜார்ஜ் தன் முடிசூட்டு விழாவுக்கு ஒத்திகை பார்க்கிறார். பேராயரின் பகுதியை வாசிப்பது 11 வயது மகள். திக்கித் திக்கிப் பேசும் தந்தை, அந்தச் சடங்கிலேயே மிகப் புனிதமானது எண்ணெய் பூசும் நேரம்தான் என்று குழந்தைக்குச் சொல்லித் தருகிறார். தந்தையாக நடிக்கும் ஜேர்டு ஹாரிஸ் அந்தக் காட்சியில் அரசராகப் பேசவில்லை. பயந்துபோன ஒரு மனிதர் தன் பயத்தைக் குழந்தைக்குக் காட்டாமல் பேசுவதுபோல் பேசுகிறார். 16 ஆண்டு கழித்து அதே எண்ணெய் மகளின் நெற்றியில் படும்போது நமக்கு அந்த ஒத்திகை அறை நினைவுக்கு வருகிறது. யாரும் நினைவுபடுத்தவில்லை, பழைய காட்சியை மறுபடி ஓட்டவும் இல்லை. தானாக வருகிறது.

இதற்கு மேலே ஒரு நயம் இருக்கிறது. பந்தலுக்கு உள்ளே நடப்பதன் பொருளை நமக்கு எடுத்துச் சொல்பவர் யார்? பேராயர் அல்ல, வர்ணனையாளரும் அல்ல. பாரிசில் டிவி முன்னால் நண்பர்களோடு உட்கார்ந்திருக்கும் விண்ட்சர் கோமகன். 1936 டிசம்பரில், முடிசூடும் முன்பே அரியணையைத் துறந்து போனவர். விழாவின் ஒவ்வொரு அடியும் அவருக்கு மனப்பாடம். விருந்தினர்களுக்கு முதலில் எல்லாம் வேடிக்கை. எண்ணெய்ச் சடங்கு வந்ததும் திரையில் ஒன்றும் தெரியவில்லையே என்று விழிக்கிறார்கள். அவர் விளக்குகிறார். கேலியாகத் தொடங்கிய குரல் மெல்ல இறங்குகிறது. மனிதப் பிறவி ஒன்றை மர்மத்தால் போர்த்தினால்தான் அது தெய்வமாகும் என்று பொருள்பட அவர் சொல்லும்போது, கோமகனாக நடிக்கும் அலெக்ஸ் ஜென்னிங்ஸின் கண்கள் திரையை விட்டு நகரவில்லை. வேண்டாம் என்று தானே விட்ட ஒன்றின் அருமையை, அதைப் பார்க்க அனுமதியில்லாதவர்களுக்குச் சொல்லித்தரும் நிலை அவருக்கு. அபிஷேகத்துக்குத் திரை போட்டபின் வெளியே நிற்கும் பக்தர்களுக்கு, ஒரு காலத்தில் உள்ளே நின்று பூஜை செய்தவர் விவரிப்பதுபோல் இருக்கிறது. அத்தியாயத்தின் முடிவில் அவர் தோட்டத்தில் தனியாகப் பேக்பைப் வாசிக்கிறார். கண்ணில் நீர். அங்கே வசனம் ஒன்றும் எழுதாமல் விட்டார்களே, அதற்கே மார்கனுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

ராணியாக நடிக்கும் கிளேர் ஃபாய் அந்தப் பந்தலுக்குக் கீழே செய்வது மிகக் குறைவு. முகம் அசையவில்லை. கண்கள் மட்டும் கொஞ்சம் விரிந்து, தனக்கு ஏதோ நடக்கிறது என்பதை ஏற்றுக்கொள்கின்றன. பெரிய நடிகைகளே தடுமாறும் இடம் இது. அழுதிருந்தாலோ சிரித்திருந்தாலோ காட்சி கெட்டிருக்கும். உண்மையான ராணி அந்த நாளைப் பற்றிக் கேமரா முன் பேசியது 2018-ல், பிபிசி ஆவணப்படம் ஒன்றில். கிரீடத்தின் கனத்தைப் பற்றிச் சொன்னார். அதை வைத்துக்கொண்டு உரையைப் படிக்கக் குனிந்தால் கழுத்து முறிந்துவிடும், அதனால் தாளைத்தான் மேலே தூக்க வேண்டும் என்றார். நுட்பமான விவரம்தான், ஆனால் பந்தலுக்குள் என்ன உணர்ந்தார் என்ற பேச்சு அதில் இல்லை. 2023 மே 6 அன்று மூன்றாம் சார்லஸ் முடிசூடியபோதும் காமன்வெல்த் நாடுகளின் பெயர்களை இலைகளாகத் தைத்த ஒரு மரம் பொறித்த திரையைச் சுற்றி நிறுத்தி, அந்தச் சடங்கை மறைத்துத்தான் செய்தார்கள். 70 ஆண்டில் டிவி எவ்வளவோ மாறிவிட்டது. அந்த இடம் மட்டும் மாறவில்லை.

மக்கள் கருத்து எப்படித் திரும்புகிறது என்பதை இரண்டாம் சீசனின் ஐந்தாம் அத்தியாயத்தில் பார்க்கலாம். 1957 ஆகஸ்டில் ஆல்ட்ரிங்கம் பிரபு தன் சிறு பத்திரிகையில் ராணியின் பேச்சு முறையை விமர்சித்தார். பள்ளிக்கூட மாணவத் தலைவி ஒப்பிப்பதுபோல் இருக்கிறது, ராணியைச் சுற்றி இருப்பவர்கள் வெறும் மேல்தட்டுக் கும்பல் என்று எழுதினார். நாடே அவர்மேல் பாய்ந்தது. டிவி பேட்டி முடிந்து வெளியே வந்தவரை நடுத்தெருவில் ஒருவர் கன்னத்தில் அறைந்தார். அவர் பட்டப்பெயரில் உள்ள ஆல்ட்ரிங்கம் ஊரின் மன்றமே தனக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை என்று அறிவித்தது. அதே ஆண்டு கிறிஸ்துமஸ் செய்தியை ராணி முதன்முறையாக டிவியில் தோன்றிச் சொன்னார். 1958-க்குப் பின் மேல்தட்டுப் பெண்களை அரண்மனையில் அறிமுகம் செய்யும் வழக்கம் நின்றது. பல்லாண்டு கழித்து, ராணியின் செயலாளராக இருந்த மார்ட்டின் சார்ட்டரிஸ், முடியாட்சிக்குப் பெரிய உபகாரம் செய்தீர்கள் என்று ஆல்ட்ரிங்கமிடமே நேரில் சொன்னார். ஒரு தலைமுறை அறைந்த கன்னத்துக்கு அடுத்த தலைமுறை நன்றி சொன்னது. தொடரில் ராணியே அவரை அழைத்துப் பேசுவதாக வருகிறது. உண்மையில் ஆல்ட்ரிங்கம் பேசியது சார்ட்டரிஸிடம். நாடகத்துக்காக இவ்வளவு வளைப்பதை நான் தாராளமாக ஏற்றுக்கொள்வேன். பேசப்பட்ட விஷயம் மாறவில்லையே.

1969-ல் அரண்மனை எதிர்த் திசையில் போய்ப் பார்த்தது. ரிச்சர்ட் காஸ்டன் எடுத்த ‘ராயல் ஃபேமிலி’ என்ற ஆவணப்படத்துக்காகக் கதவைத் திறந்துவிட்டார்கள். இளவரசர் பிலிப் வெட்டவெளியில் இறைச்சி சுடுகிறார், ராணி கடைக்குப் போய்க் கடைசி மகனுக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறார். 3 கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்த படத்தைப் பின்னாளில் அரண்மனையே பெட்டிக்குள் வைத்துப் பூட்டியது. மறைத்தால் கேட்கிறார்கள், திறந்தால் சாதாரண மனிதர்களாகிவிடுகிறோம் என்ற தவிப்பைத் தொடர் மூன்றாம் சீசனில் நன்றாகவே தொடுகிறது.

அதே சீசனின் மூன்றாம் அத்தியாயத்துக்கு வருகிறேன். 1966 அக்டோபர் 21, வேல்ஸில் அபர்வான் என்ற சுரங்க ஊர். மலைமேல் கொட்டி வைத்திருந்த நிலக்கரிக் கழிவு மழைநீரில் ஊறிச் சரிந்து, பான்ட்கிளாஸ் தொடக்கப் பள்ளியின் மேல் விழுந்தது. 144 பேர் இறந்தார்கள், அதில் 116 பேர் குழந்தைகள். ராணி அங்கே போனது எட்டு நாள் கழித்து. அந்தத் தாமதம்தான் அவருடைய பெரிய வருத்தம் என்று சார்ட்டரிஸ் சொன்னதாகப் பின்னாளில் எழுதினார்கள்.

அத்தியாயத்தின் முதல் பகுதி ஊரிலேயே இருக்கிறது. மறுநாள் பாடப்போகும் பாட்டைப் பிள்ளைகள் பழகுகிறார்கள், வீடு திரும்புகிறார்கள், படுக்கிறார்கள், விடிகிறது. அரண்மனையின் நிழல்கூட இல்லை. இறந்தவர்களை முதலில் உயிரோடு அறிமுகம் செய்துவிட்டுப் பிறகு கதைக்குள் போவது ஒரு மரியாதை. பேரழிவைக் காட்டும் எத்தனையோ படங்கள் இந்த மரியாதையைச் செய்வதில்லை. ஒலிவியா கோல்மன் ராணியாக அந்த ஊரில் கைக்குட்டையை எடுத்துக் கண்ணில் ஒற்றுகிறார். பிறகு பிரதமர் ஹரோல்ட் வில்சனிடம், என் கண் காய்ந்துதான் கிடந்தது என்று ஒப்புக்கொள்கிறார். கடைசியில் தனியறையில், அடக்கத்தின்போது ஊரார் பாடிய கீதத்தின் பதிவைக் கேட்கிறார். ஒரு துளி இறங்குகிறது. கோல்மன் எளிதில் கண் கலங்கிவிடுபவர். ராணி கலங்காமல் நிற்க வேண்டிய காட்சிகளில் அவர் காதில் கருவி பொருத்தி வானொலியின் கடல் வானிலை அறிக்கையை ஓடவிட்டார்களாம், அவரே பேட்டியில் சொன்னது. எதிரில் நிற்பவரின் துயரத்தைக் காதில் வாங்காமல் காற்றின் வேகத்தைக் கேட்டுக்கொண்டு நிற்கும் அந்த முகத்தில் அடக்கப்பட்ட ஒன்று தெரிகிறது என்றால், அது கலையின் நுட்பம்.

ஆனால் இங்கேதான் மனம் உறுத்துகிறது. ராணிக்கு அழுகை வரவில்லை என்பது மார்கனின் கற்பனை. அன்று அபர்வானில் ராணியின் கண் கலங்கியதைக் கண்டதாகச் சொன்னவர்கள் உண்டு. அதன்பின் அவர் 1973, 1997, 2012 ஆகிய ஆண்டுகளிலும் அந்த ஊருக்குப் போனார். உயிரோடு இருந்த ஒருவரின் உள்ளத்தைப் பற்றிய இவ்வளவு பெரிய கூற்றை ஒரு வரி அறிவிப்பும் இல்லாமல் வைத்திருக்கக் கூடாது. 2020-ல் பண்பாட்டுத் துறை அமைச்சர் ஆலிவர் டவுடன் இது கற்பனை என்ற அறிவிப்பைக் கேட்டார். 2022-ல் நடிகை ஜூடி டெஞ்ச் ‘தி டைம்ஸ்’ இதழுக்கு எழுதிய கடிதத்தில் அதையே வலியுறுத்தினார். கலைச் சுதந்திரத்துக்கு ஆபத்து என்று பலர் எதிர்த்தார்கள். நான் டெஞ்ச் பக்கம். நாடகம் நாடகம்தான் என்று சொல்வதால் நல்ல காட்சி ஒன்றும் குறைந்துவிடாது. டயானாவின் திருமண வாழ்க்கையைக் காட்டிய நான்காம் சீசன் வந்ததும் சார்லஸையும் கமிலாவையும் சமூக ஊடகங்களில் எப்படி வசைபாடினார்கள் என்பதைப் பார்த்தோம். 40 ஆண்டுக்கு முந்தைய ஒரு தம்பதியின் படுக்கையறைச் சண்டைக்கு, நடிகர்களின் முகத்தைப் பார்த்துத் தீர்ப்பு எழுதினார்கள். அரச குடும்பம் வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் நேர்மையாக வாதாட வேண்டுமானால், வரி எவ்வளவு, அதிகாரம் எவ்வளவு, பிறப்பால் பதவி சரியா என்பதை வைத்து வாதாடட்டும்.

கடைசி இரண்டு சீசன்கள் முந்தையவற்றின் தரத்தில் இல்லை. ஆறாம் சீசனில் இறந்த டயானா தோன்றி சார்லஸிடமும் ராணியிடமும் பேசுகிறார். இதே மார்கன் 2006-ல் எழுதிய ‘தி குயின்’ படத்தில் இதே மரணத்தைத்தான் தொட்டார். பால்மோரல் காட்டில் ஜீப் பழுதாகி, தனியாக உட்கார்ந்திருக்கும் ஹெலன் மிர்ரனின் ராணி அழுகிறார். இயக்குநர் ஸ்டீஃபன் ஃப்ரியர்ஸ் காட்டுவது அவர் முதுகை மட்டும். தோள் குலுங்குவது தெரிகிறது, முகம் தெரியவில்லை. டயானாவைப் பற்றி எடுத்த அத்தனை மணி நேரமும் அந்த முதுகுக்கு ஈடாகாது என்பேன்.

அபர்வான் அத்தியாயத்தைப் பார்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கதை ராணியைப் பற்றியது என்பதால் ஊரின் பிந்தைய கதைக்கு அதில் இடம் குறைவு, அதைத் தேடிப் படியுங்கள். தேசிய நிலக்கரி வாரியமே பொறுப்பு என்று 1967-ல் விசாரணை மன்றம் சொன்னது. ஆனாலும் எஞ்சிய கழிவு மலைகளை அகற்றும் செலவுக்கு, பொதுமக்கள் அபர்வானுக்காக அனுப்பிய நிவாரண நிதியிலிருந்து 1,50,000 பவுண்டை எடுத்தார்கள். அந்தப் பணத்தை அரசு திருப்பிக் கொடுத்தது 1997-ல், வட்டி இல்லாமல்.