சீருடைக்கு முன்னும் பின்னும்: ஈழப்போர்ச் சாட்சியங்களை வாசித்தல்

ஒரு போர் மக்களைப் பிளக்கும்போது, அப்போரில் ஆயுதம் ஏந்தியவனைப் பற்றிய பேச்சும் பிளந்துவிடுகிறது. ஒரு சாராருக்கு அவன் மாவீரன். மறு சாராருக்குக் கொலைஞன். இவ்விரு பெயர்களும் ஒரு வசதியைத் தருகின்றன. அவன் எந்த ஊரான், எந்த வயதில் புறப்பட்டான், எவற்றைக் கண்டான், எவற்றைச் செய்தான் எனும் கேள்விகளை அவை நம்மிடமிருந்து அகற்றிவிடுகின்றன. ஈழப்போர் சிங்களரையும் தமிழரையும் மட்டும் பிரிக்கவில்லை. தமிழரைத் தமிழரிடமிருந்தும், தமிழரை முஸ்லிம்களிடமிருந்தும் பிரித்தது. அப்போரில் பங்குகொண்டோரின் எழுத்தை எவ்வாறு வாசிப்பது என்பதே இக்கட்டுரையின் வினா.

இவ்வினா நமக்குத் தொலைவிலுள்ளது அன்று. மதுரை ஆனையூரில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று உள்ளது. அகதிகள் முகாம் என வழங்கிய இத்தகைய குடியிருப்புகளுக்கு 2021இல் தமிழக அரசு மறுவாழ்வு முகாம் எனப் பெயரிட்டது. இதே மதுரைச் சமவெளி இந்தியத் தரைப்படைக்கு இளைஞர்களை அனுப்பிவரும் நிலமுமாகும். போரினால் பெயர்ந்தோரும் படைப்பணியில் இருந்தோரும் ஒரே சந்தையில் காய்கறி வாங்கும் ஊர்களில்கூட, இரு தரப்பின் நினைவுகளும் ஒரே நூலில் சந்தித்தது அரிது.

1987 ஜூலை 29 அன்று கையெழுத்தான இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இந்திய அமைதிப்படை அங்குச் சென்றது. மாலையிட்டு வரவேற்ற யாழ்ப்பாணத்திலேயே அவ்வாண்டு அக்டோபரில் அது போரில் இறங்கியது. அக்டோபர் 11-12 இரவு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் திடலில் ஹெலிகாப்டரிலிருந்து இறக்கப்பட்ட சீக்கிய இலகு காலாட்படையினர் 30 பேரில் 29 பேர் மாண்டனர். மஜ்ஹபி, ராம்தாசியா எனும் ஒடுக்கப்பட்ட சீக்கியச் சாதியினரைக் கொண்டு அமைந்தது அப்படைப்பிரிவு. மொழியும் நிலமும் அறியாத ஓர் ஊரில், தாம் வகுக்காத ஒரு கொள்கைக்காக அவர்கள் இறந்தனர். பத்து நாள்கள் கழித்து யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் புகுந்த அதே அமைதிப்படை மருத்துவர், தாதியர், நோயாளிகள் என அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. முதல் செய்தி இரண்டாவதை மன்னிக்கச் செய்வதில்லை. இரண்டாவது முதலாவதைப் பொய்யாக்குவதுமில்லை. இரண்டையும் ஒருசேரக் கையில் வைத்திருப்பதே வாசகனின் கடமை.

சுமார் 1,200 வீரர்களை இழந்து 1990 மார்ச்சில் அப்படை திரும்பியபோது, அதனை வரவேற்கத் தமிழக முதல்வர் கருணாநிதி செல்லவில்லை. அம்முடிவுக்கு அரசியல் நியாயம் இருந்தது. எனினும் கப்பலிலிருந்து இறங்கிய சிப்பாய் எத்தகைய மௌனத்துள் இறங்கினான் என்பதை எவரும் கேட்கவில்லை. தீபிந்தர் சிங், ஹர்கிரத் சிங், சர்தேஷ்பாண்டே ஆகிய தளபதிகள் ஆங்கிலத்தில் நூல்கள் எழுதினர். அவற்றில் வியூகமும் தில்லியின் பிழைகளும் பேசப்படுகின்றன. தளபதி தன் முடிவுகளைக் காக்க எழுதுகிறான். காக்க வேண்டிய முடிவு எதுவுமில்லாத சிப்பாயின் சொல்லே வரலாற்றுக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது.

போராளிகளின் தரப்பில் நிலைமை வேறு. அங்கு எழுதியவர்களுள் அடிமட்டத்தினரும் உண்டு. கோவிந்தனின் ‘புதியதோர் உலகம்’ (1985) இவ்வகையில் முன்னோடி. விடுதலை வேண்டிப் புறப்பட்ட இளைஞர்கள் தம் இயக்கத்தாலேயே வதைக்கப்பட்டதை, அவ்வியக்கத்திலிருந்து வெளியேறிய ஒருவர் போர் முற்றுமுன்னரே எழுதிவைத்தார். ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ (2001) இயக்கத்துக்குப் போன சிறுவனின் பின்புலத்தை மழுப்பாமல் காட்டுகிறது. ஊரே அஞ்சும் முரட்டுத் தந்தை, வறுமை, தீவுக் கிராமம்: இலட்சியத்துக்கு முன்பே இவை அவனைத் தள்ளிவிட்டிருந்தன. அகதி விண்ணப்பத்தின் வடிவை நாவலுக்குள் கொண்டுவந்ததன் மூலம், சாட்சியம் என்பது கேட்பவருக்கேற்ப வடிவம் மாறுவது எனும் உண்மையையும் ஆசிரியர் உணர்த்திவிடுகிறார்.

தமிழினியின் ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ அவர் மறைந்த பின் 2016இல் வெளிவந்தது. 1991இல் புலிகள் இயக்கத்தில் சேர்ந்து மகளிர் அரசியல் பிரிவின் பொறுப்பாளராக உயர்ந்த அவர், இறுதிக்காலக் கட்டாய ஆட்சேர்ப்பையும் அதனால் மக்களிடம் எழுந்த வெறுப்பையும் எழுதினார். அந்நூல் பற்றிய விவாதமோ, இது அவர் எழுதியதுதானா, யாருக்குச் சாதகமானது என்பவற்றையே பெரிதும் சுற்றிவந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாரின் நிலை ஓரத்தில் தங்கிவிட்டது. ‘எந்தப் பக்கம்?’ என்பதையே முதற் கேள்வியாகக் கொண்ட விமர்சனம், சாட்சியத்தைக் கேட்கும் செவியை இழந்துவிடுகிறது.

இவ்வெழுத்துகளுக்கு வெளியே நிற்கும் ஒருவரையும் நாம் நினைவுகூர வேண்டும். எண்பதுகளில் தமிழ் இயக்கங்களில் முஸ்லிம் இளைஞர்களும் சேர்ந்தனர். 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடியின் இரு பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். புலிகள் மறுத்தபோதும், உயிர்தப்பியோரின் வாக்குமூலங்கள் அவர்களையே சுட்டின. அக்டோபர் இறுதியில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் சுமார் 75,000 முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தாருக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். இதன்பின் இயக்கத்து முஸ்லிம் போராளியை மாவீரர் வரலாறும் சமுதாய வரலாறும் ஒருங்கே கைவிட்டன. அவன் நினைவு இரு தரப்புக்கும் இடையூறானது.

நம் தரப்பையும் இதே துலாக்கோலில் நிறுத்த வேண்டும். கிழக்கில் அரசு ஆயுதம் கொடுத்து உருவாக்கிய ஊர்காவற்படையில் முஸ்லிம் இளைஞர்கள் சேர்ந்தனர். பள்ளிவாசல் படுகொலைகளின் அச்சமே பலரை அங்குச் செலுத்தியது. எனினும் அவர்களுள் சிலர் தமிழ்க் கிராமங்களைத் தாக்கியோருடன் நின்றனர் என்பதை மனித உரிமைப் பதிவுகள் கூறுகின்றன. காத்தான்குடியைப் பேசும் நாவு இதனைச் சொல்லத் தயங்குமாயின், அது சாட்சியமாகாது, வழக்காகவே எஞ்சும். தமக்கும் தம் உறவினர்க்கும் எதிராயினும் உண்மைக்குச் சாட்சியாய் நிற்பது நம் மரபு விதித்த கடமையன்றோ?

ஆதலின் இத்தகைய எழுத்தை அளக்க நாம் முன்வைக்கும் அளவுகோல் எளியது. எழுதியவர் தம்மைத் தள்ளிய வறுமையையும் அச்சத்தையும் சொல்கிறாரா? தம் கை செய்ததையும் அதே தெளிவுடன் சொல்கிறாரா? முன்னதை மட்டும் சொல்வது முறையீடு. பின்னதை மட்டும் சொல்வது வாக்குமூலம். இரண்டும் கூடும் இடத்திலேயே சாட்சியம் பிறக்கிறது. கோவிந்தனும் ஷோபாசக்தியும் தமிழினியும் அவ்விடத்தை வெவ்வேறு அளவில் நெருங்கினர். அமைதிப்படைச் சிப்பாயும் ஊர்காவற்படை இளைஞனும் இயக்கத்து முஸ்லிமும் இன்னும் முதுமையடைந்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் பேசத் துணியும் நாளில், தீர்ப்பை எழுதிவைத்துக்கொண்டு காத்திராத வாசகரைத் தமிழ் அவர்களுக்குத் தர வேண்டும்.