பக்கத்தில் வரைபவரிடம் கற்ற பாடம்

ஓவியம் கற்பது என்றாலே குருவின் பெயரைத்தான் முதலில் கேட்கிறோம். சென்னை ஓவிய மரபைக் கூர்ந்து பார்த்தால், குருவுக்கு இணையாக இன்னொருவரும் பாடம் சொல்லியிருப்பது தெரியும். அதே தாளும் அதே மையுமாகப் பக்கத்தில் உட்கார்ந்து வரையும் சக ஓவியர்தான் அவர்.

1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளிக்கு 1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி தலைமையேற்றார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் அவரே. உடற்கூறு பிசகாத உருவமே அவர் காலத்தின் அளவுகோல். 1957இல் அவருடைய மாணவர் கே.சி.எஸ். பணிக்கர் அந்த இடத்துக்கு வந்தபின் கோடு முன்னுக்கு வந்தது. 1963 முதல் அவர் வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் ஜாதகக் கட்டமும் எழுத்துமே ஓவியமாயின. சந்தானராஜ், எல். முனுசாமி, ஆர்.பி. பாஸ்கரன், ஆதிமூலம், ராமானுஜம் என்று கோட்டை நம்பிய ஒரு கூட்டமே அங்கே உருவானது.

இவர்களில் இருவரை அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும். ஆதிமூலத்துக்கும் ராமானுஜத்துக்கும் பேனாவும் கறுப்பு மையும் பொது. 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டி ஆதிமூலம் வரைந்த காந்தி படங்களில், குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய கோடுகள் கன்னத்தின் நிழலாகின்றன. வெளிச்சம் விழும் இடமோ மை படாத வெறும் தாள். எங்கே நிறுத்துவது என்று அந்தக் கைக்குத் தெரியும். ராமானுஜத்தின் பேனா நிறுத்துவதே இல்லை. மாளிகை, பாம்பு, பறவை, தொப்பி போட்ட மனிதர் என்று இண்டு இடுக்கெல்லாம் கோடு நிரம்பி ஒரு கனவூர் எழும்பிவிடுகிறது. 1973இல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே அவர் போய்விட்டார். கருவி ஒன்றாக இருந்தும் ஒருவர் சாயல் மற்றவர்மேல் விழவில்லை. இந்த மரபின் தரத்துக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. நம் புதுச்சேரிக்காரராகவே ஆகிவிட்ட எழுத்தாளர் கி.ரா.வின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ ஜூனியர் விகடனில் வந்தபோது அதற்குப் படம் வரைந்தவரும் இதே ஆதிமூலம்தான். காந்திக்குப் பழகிய கோடு கரிசல் சம்சாரிக்கும் பொருந்தியது.

பக்கத்துக் கையிடம் கற்றதற்கு இன்னொரு சான்று, துணியில் மெழுகிட்டுச் சாயமேற்றும் பத்திக். ஓவியம் விற்றுப் பிழைக்க முடியாத காலத்தில் பணிக்கரும் மாணவர்களும் கைவினைக்குத் திரும்பினார்கள். பத்திக் துணிகள் விற்ற காசு, 1966இல் இஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்துக்கு நிலம் வாங்க உதவியது. துணியில் உருகிய மெழுகை இட்டுச் சாயத்தில் முக்கினால், மெழுகு வெடித்த இடங்களில் சாயம் இறங்கி இலை நரம்பு போலக் கோடு ஓடும். மெழுகு ஆறிவிட்டால் துணிக்குள் இறங்காது. சூடு மிஞ்சினால் பரவிவிடும். இந்தப் பக்குவத்தைப் பக்கத்துக் கையைப் பார்த்துத்தான் பிடிக்கமுடியும். சேர்ந்து செய்யும் தொழிலில் சூட்சுமத்தை ஒளித்துவைக்கவும் முடியாது. அப்படியும் அந்தக் கூட்டத்தின் வாசுதேவ் மரத்தைப் பற்றிக்கொண்டார். விஸ்வநாதன் முக்கோணத்துக்கும் சதுரத்துக்கும் போனார்.

நம் காலத்தில் அதிகம் பின்பற்றப்பட்டவர் எஸ். இளையராஜா. கும்பகோணத்திலும் சென்னையிலும் படித்து, 2021இல் கொரோனாவுக்குப் பலியான தைலவண்ண ஓவியர். கதவோரம் நிற்கும் கிராமத்துப் பெண்ணை அவரைப் பார்த்து வரைந்தவர்கள் ஏராளம். கதவும் தாவணியும் எல்லோருக்கும் வந்துவிட்டன. பக்கவாட்டு வெளிச்சம் தோலில் எந்த இடத்தில் சூடாகி எந்த இடத்தில் குளிர்கிறது என்ற கணக்கு சிலருக்கே வந்தது. வேகவைத்த சோற்றைப் பகிர்ந்துகொண்டு உலை வைக்கும் பக்குவத்தை விட்டுவிட்டோம்.

புதுச்சேரி முதலியார்பேட்டையிலிருந்து கடலூர்ச் சாலையில் தெற்கே போனால் அரியாங்குப்பத்தில் ஓவியம் கற்பிக்கும் பாரதியார் பல்கலைக்கூடம். அந்த வசதி இருந்தும் நம் இளைஞர்களின் நீர்வண்ணப் படங்களில் மஞ்சள் சுவரும் காகிதப்பூக் கொடியும் பிரெஞ்சு ஜன்னலுமே திரும்பத் திரும்ப வருவது எனக்கு வருத்தம் தருகிறது. கைபேசியில் தெரிவது முடிந்த படம். ஈரம் காய்வதற்குள் அடுத்த வண்ணத்தை விட்டாரா, காய்ந்தபின் மேலே பூசினாரா என்று கேட்டால் சொல்ல அங்கே ஆளில்லை. நேரில் பக்கத்தில் உட்கார்ந்தால் கேட்கவே வேண்டாம், கண்ணே பார்த்துக்கொள்ளும்.

கற்றதா, நகலெடுத்ததா என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: யாரிடமிருந்து உத்தியை எடுத்தோமோ, அவர் தொடாத பொருளை அந்த உத்தியால் வரைய முடிகிறதா? இளையராஜாவின் வெளிச்சம் பிடிபட்டுவிட்டது என்பவர், மூடிக்கிடக்கும் நம் ஏ.எஃப்.டி. பஞ்சாலையின் துருப்பிடித்த இரும்பில் அதை விழச்செய்து காட்டட்டும். ஆதிமூலத்தின் பின்னல் கோடு கைவந்தவர், கடலூர்ச் சாலையின் காலை நெரிசலை வரையட்டும்.

நண்பர்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து சோழமண்டலத்தின் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்வரவேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னை போகும் பேருந்து இஞ்சம்பாக்கம் வழியாகத்தான் போகிறது. பணிக்கர் தலைமுறை ஓவியர்களின் படைப்புகளை அங்கே ஒரே கூரையின் கீழ் பார்க்கலாம். பெயர்ப்பலகையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். யார் கோடு யாரிடம் போய் எப்படி மாறியிருக்கிறது என்று முதலில் படத்தை வைத்தே உங்களுக்குள் விவாதித்துப் பாருங்கள்.