இடிக்கும் கியர், வழுக்கும் கியர்

பத்துப் பன்னிரண்டு வயதான ஆட்டோமேட்டிக் கார், கியர் மாறும்போது தூக்கிப்போட ஆரம்பித்தால், புதுச்சேரியில் அதன் உரிமையாளர் காதில் மூன்று யோசனைகள் விழும். பெட்டியை இறக்கி ஓவர்ஹால் பண்ணுங்கள். மெஷின் வைத்து ஆயிலை மொத்தமாக ஃப்ளஷ் பண்ணுங்கள். பழைய பெட்டியில் கையே வைக்காதீர்கள், ஆயிலை மாற்றினால் வண்டி படுத்துவிடும். சொல்கிறவர்கள் அனுபவசாலிகள்தான். ஆனால் எந்தச் சோதனையும் செய்வதற்கு முன்பே சொல்லிவிடுகிறார்கள்.

எந்த ஆட்டோமேட்டிக் என்பதை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். 2014ல் மாருதி செலிரியோவோடு இந்தியாவில் பரவத் தொடங்கிய ஏஎம்டி, அடிப்படையில் மேனுவல் பெட்டிதான். கிளட்ச் மிதிப்பதையும் கியர் போடுவதையும் நமக்குப் பதில் ஒரு கருவி செய்கிறது. அதில் லேசாகத் தலையாட்டுவது பிறவிக்குணம். அதற்கு வைத்தியம் தேடுவது வீண். பழைய ஐ10, கரோலா ஆல்டிஸ் ஆட்டோமேட்டிக்குகளில் இருந்த டார்க் கன்வெர்ட்டர் பெட்டி வேறு. நல்ல நிலையில் அது கியர் மாற்றுவதே தெரியக் கூடாது. நான் பேசுவது அதைப் பற்றி.

அதில் உரிமையாளர் ‘ஜெர்க்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவது இரண்டு நோய்களை. ஒன்று இடிப்பு: கியர் விழுகிறது, ஆனால் முரட்டுத்தனமாக. மற்றது வழுக்கல்: ஆர்பிஎம் எகிறுகிறது, வண்டி நகர யோசிக்கிறது, பிறகு திடீரென்று பிடிக்கிறது. வழுக்கல் என்றால் உள்ளே கிளட்ச் பிளேட்டுகள் தேய்ந்திருக்கலாம், இல்லை எண்ணெய் அழுத்தம் போதவில்லை. இடிப்பு மட்டும் என்றால் பிளேட்டுகள் பெரும்பாலும் பிடிக்கின்றன. அவற்றைப் பிடிக்க வைக்கும் அழுத்தத்தின் அளவோ நேரமோதான் பிசகியிருக்கிறது. அப்போது பெட்டிக்கு வெளியே தேட வேண்டியவையே நிறைய. கிழிந்த இன்ஜின் மவுண்ட் சாதாரண கியர் மாற்றத்தையும் இடியாகக் காட்டும். அழுக்கேறிய த்ராட்டில் பாடியால் ஐடிலிங் ஆயிரத்தைத் தாண்டி நின்றால், டி போடும்போது அடி விழத்தான் செய்யும். கடலோர ஊரில் எர்த் ஒயர் முனை பச்சை பூத்துக் கிடப்பதும் சகஜம். மின்னழுத்தம் தடுமாறினால் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரும் தடுமாறும்.

பெட்டி எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கிறது என்று அளக்க, டொயோட்டாவின் பழைய ரிப்பேர் கையேடுகளில் எளிய சோதனை ஒன்று உண்டு. ஆயில் சூடான பின், ஏசியை அணைத்து, பிரேக்கை அழுத்தி, நியூட்ரலிலிருந்து டி போட்டால் 1.2 விநாடிக்குள்ளும், ரிவர்ஸ் போட்டால் 1.5 விநாடிக்குள்ளும் பிடிக்க வேண்டும். ஒரு நிமிட இடைவெளி விட்டு மூன்று முறை பார்த்துச் சராசரி எடுக்கச் சொல்கிறது. கையில் இருக்கும் செல்போனே போதும். இதைச் செய்யாமல் பெட்டியை இறக்கச் சொல்கிற மெக்கானிக்கை நான் நம்ப மாட்டேன்.

பிரெஞ்சு ஊரில் பிரெஞ்சு உதாரணம் பொருந்தும். 1990களின் இறுதியில் பெஜோ-சிட்ரன் குழுமமும் ரெனோவும் சேர்ந்து உருவாக்கிய நாலு கியர் பெட்டி, ஒரு தரப்பில் ஏஎல்4, மறு தரப்பில் டிபி0, இடிப்புக்கே பேர் போனது. கோளாறு முற்றினால் மூன்றாம் கியரிலேயே நின்றுகொள்ளும். பல சமயம் காரணம், வால்வ் பாடியில் எண்ணெய் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சின்ன சோலனாய்டு வால்வுகள். பெட்டியை வண்டியிலிருந்து இறக்காமலே அவற்றை மாற்றலாம். முழுப் பெட்டியையும் பிரித்தவர்கள் கைவிரல் காயத்துக்குத் தோள்வரை கட்டுப் போட்டவர்கள்.

இனி ஆயில். ‘மாற்றினால் படுத்துவிடும்’ என்பது வெறும் மூடநம்பிக்கை அல்ல. பலரும் ஆயில் மாற்றுவதே வழுக்கல் தொடங்கிய பிறகுதான். சாகப்போகும் பெட்டி செத்ததும் பழி புது ஆயில் மீது விழுகிறது. மெஷின் ஃப்ளஷ் மீதான பயத்தில் கூடுதல் நியாயம் உண்டு: வருடக்கணக்காகப் படிந்த கசடு பெயர்ந்து வால்வ் பாடியின் குறுகிய வழிகளில் போய் அடைத்துக்கொள்ளலாம். ஆனால் மாற்றாமலே விடுவதும் தவறு, குறிப்பாக இங்கே. நேரு வீதி நெரிசல், இந்திரா காந்தி சிலை, ராஜீவ் காந்தி சிலை சிக்னல்கள், வார இறுதியில் வந்து குவியும் வெளியூர் வண்டிகள். ஊருக்குள்ளேயே ஓடும் கார் முதல் மூன்று கியர்களுக்குள் விழுந்து எழுந்துகொண்டிருக்கிறது. கன்வெர்ட்டரில் எண்ணெய் கொதிப்பது அந்த ஓட்டத்தில்தான். ஓடிய கிலோமீட்டர் குறைவு என்பது அதற்குச் சான்றிதழ் ஆகாது.

ஆகவே என் தீர்ப்பு: இடிப்பு உண்டு, வழுக்கல் இல்லை என்றால் பெட்டியைத் திறக்கக் கூடாது. ஸ்கேனர், மவுண்ட், ஐடிலிங், எர்த் பார்த்த பிறகு, அந்தப் பெட்டிக்குக் கம்பெனி சொன்ன கிரேடு ஆயிலை மட்டும் வாங்கி, வடிகிற அளவை வடித்து நிரப்ப வேண்டும். ஒரு முறை வடித்தால் பாதிக்கும் குறைவாகவே வெளியேறும் என்பதால், சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மீண்டும் செய்ய வேண்டும். ஹூண்டாயின் பழைய பெட்டிகளுக்கு எஸ்பி-3 என்றால் எஸ்பி-3தான். ‘எல்லாத்துக்கும் ஒண்ணுதான் சார்’ என்பது கடைக்காரர் வசதி. அதற்கும் அடங்காவிட்டால் அடுத்து சோலனாய்டு. வழுக்கல் உண்டு, ஆயில் கறுத்துத் தீய்ந்த வாடை அடிக்கிறது, தட்டைக் கழற்றினால் காந்தத்தில் உலோகத் துணுக்குகள் என்றால் ஓவர்ஹால் சொன்னவரே சரி. அங்கே புது ஆயில் காசுக்குக் கேடு.

ஒரே ஒரு நிலையில் இந்தப் பொறுமை ஆபத்து. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் தெருக்கள் குளமாகின. அப்படி மூழ்கும் காரில் காற்றுத் துளை வழியே பெட்டிக்குள் தண்ணீர் இறங்கும். ஆயில் ரோஸ்மில்க் நிறத்துக்கு வந்துவிடும். கிளட்ச் பிளேட்டில் ஒட்டியிருக்கும் காகிதம் போன்ற உராய்வுப் பட்டை தண்ணீரில் ஊறி உரியும். அந்த வண்டியை ஸ்டார்ட் செய்து ‘ஓடுதா பார்க்கலாம்’ என்பது, பிழைக்க இருந்த பெட்டியைக் கொல்வது. இழுவை வண்டியில் ஏற்றி, முதல் வேலையாக ஆயிலை வடிக்க வேண்டும்; நிறம் மாறியிருந்தால் அன்றே பெட்டியைத் திறந்துவிடலாம்.